பிள்ளைகள் நலமா? ஊர் ஊராக எண்ணிப் பார்த்தல்

(பொன்விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மூத்தவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் என் இளைய சொந்தங்களே,

கல்விக் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரே வரிதான்: "நம் குடும்பங்களின் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" பொன்விழா ஆண்டை முன்னிட்டு உறுப்பினர் வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு கணக்கெடுப்பு நடத்தப் போகிறார்கள். கேள்வித்தாளின் முதல் வரைவை எனக்குக் கொடுத்தார்கள். அரசாங்க வேலையில் பல ஆண்டுகள் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை.

வரைவில் பதினான்கு கேள்விகள் இருந்தன. ஒன்பது கேள்விகள் தேர்வு முடிவைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் இதே மேடையில் எஸ்.பி.எம். தேர்வில் சிறப்பாகத் தேறியவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம், உபகாரச் சம்பளம் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல பழக்கம். ஆனால் மேடை ஏறும் பிள்ளையைத்தான் நமக்குத் தெரிகிறது. ஏறாத பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு பட்டியலும் இல்லை.

இதே கேள்வியோடு மிக நீண்ட காலம் போராடியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் நலத்தை மாநில வாரியாக, கவுண்டி வாரியாக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அளந்து வருகிறார்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் எங்கே நன்றாக அளந்தார்கள், எங்கே அளவுகோலே பிள்ளையை மறைத்துவிட்டது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் கேள்வித்தாளைத் திருத்துவது எளிதாகும். அதனால் இன்றைய பேச்சில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கும்.

கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குக் கீழே வரும் ஆட்சிப் பிரிவு. நம் நாட்டு மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். லூசியானாவில் இதைப் பேரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ என்பார்கள். நாடு முழுவதும் 3,100-க்கும் மேல் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மட்டும் ஒரு கோடிப் பேர். டெக்சாஸில் லவ்விங் என்றொரு கவுண்டி உண்டு. 2020 மக்கள் கணக்கெடுப்பில் அங்கே 64 பேர். நம் இஃப்தாருக்கு வரும் கூட்டத்தில் இரண்டு மேசை வரிசை! இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அட்டவணையில் ஒவ்வொரு வரி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பால்டிமோரில் ஆனி இ. கேசி அறநிறுவனம் இருக்கிறது. யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜிம் கேசியும் அவருடன் பிறந்தவர்களும் தங்கள் தாயின் பெயரால் 1948-இல் ஏற்படுத்தியது. அந்த நிறுவனம் 1990 முதல் 'கிட்ஸ் கவுண்ட்' என்ற ஆண்டறிக்கையை வெளியிடுகிறது. வருமானம், கல்வி, உடல்நலம், குடும்பமும் சுற்றுப்புறமும் என நான்கு பிரிவு. பிரிவுக்கு நான்கு என மொத்தம் பதினாறு அளவுகள். வறுமையில் வாழும் பிள்ளைகள், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், நான்காம் வகுப்பில் சரியாக வாசிக்கத் தெரியாதவர்கள், மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்கள், பதின்ம வயதில் தாயாகும் பெண்கள் என்று போகும். இதை வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்துவார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் அமைப்பு, தன் கவுண்டிகளுக்கு இதே போன்ற கணக்கை எடுத்துப் போடும்.

மாநில வரிசை போதாதா, கவுண்டி எதற்கு? நியூ மெக்சிகோவைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் அந்தப் பட்டியலின் கடைசி இடம் பெரும்பாலும் அந்த மாநிலத்துக்குத்தான். அந்த மாநிலத்துக்குள் 33 கவுண்டிகள். அவற்றில் ஒன்று லாஸ் அலமோஸ். அணுகுண்டு உருவான ஆய்வுக்கூடம் இருக்கும் இடம். சுமார் 19,000 பேர். வீட்டுக்கு வீடு விஞ்ஞானி, பொறியாளர். நாட்டிலேயே வசதி மிகுந்த, படித்தவர் மிகுந்த கவுண்டிகளில் ஒன்று. அதன் எல்லையைத் தாண்டினால் ரியோ அரிபா கவுண்டி. ஏழ்மையும் போதைப்பொருள் மரணங்களும் பல தலைமுறையாக வாட்டும் இடம். அங்கிருந்து காலையில் புறப்பட்டு லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் பலர். தகப்பன் தினமும் கடக்கும் அந்த எல்லைக்கு இரு பக்கமும் பிள்ளைகளின் வாழ்க்கை வேறு வேறு. 'நியூ மெக்சிகோ, ஐம்பதாம் இடம்' என்ற ஒரே வரி இந்த இரண்டு பிள்ளைகளில் யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை.

இடம் உண்மையிலேயே பிள்ளையை மாற்றுகிறதா, அல்லது வசதியுள்ளவர்கள் நல்ல இடத்தில் குடியேறுவதால் அப்படித் தெரிகிறதா? நியாயமான சந்தேகம். இதற்கு விடை தேடியவர் ராஜ் செட்டி. டெல்லியில் பிறந்து, ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர், பூர்வீகம் தமிழ்நாடு. அவரும் நதானியல் ஹென்ட்ரன் என்ற பொருளியலாளரும், பெயர் அடையாளம் நீக்கிய வரிப் பதிவுகளைக் கொண்டு, கவுண்டி விட்டுக் கவுண்டி குடிபெயர்ந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். அவர்கள் கையாண்ட உபாயம் நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே புரியும்: ஒரே வீட்டு அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டார்கள். குடும்பம் நல்ல கவுண்டிக்கு மாறும்போது மூத்தவனுக்கு வயது 14, இளையவனுக்கு 6 என்று வையுங்கள். தாய் தகப்பன் அதே ஆட்கள், வீட்டு வளர்ப்பும் அதேதான். ஆனால் இளையவன் அந்த இடத்தில் எட்டு ஆண்டு கூடுதலாக வளர்கிறான். பெரியவனானதும் அவனுடைய வருமானம் மூத்தவனைவிட அதற்கேற்ற அளவு கூடியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் சேர்கிறது. பெரிய கவுண்டிகளில் சிகாகோவை ஒட்டிய டூபேஜ் மேலே இருந்தது. பால்டிமோர் மாநகரம் அடியில் இருந்தது. டூபேஜுக்கும் சிகாகோ இருக்கும் குக் கவுண்டிக்கும் இடையில் இருப்பது ஒரு கோடு மட்டுமே.

ஆகவே சிறிய இடமாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஆனால் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு ஒரு நகரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் ஜெனசீ கவுண்டி. அதில் ஃபிளிண்ட் நகரம், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். கார்த் தொழிற்சாலைகள் போன பிறகு நொடித்துப்போன ஊர். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் ஆற்று நீரைக் குழாயில் விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரித்தன. ஈயம் தண்ணீரில் இறங்கியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போன பிறகு திரும்ப வராத இழப்பு அது. புட்டிப்பாலைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் நிறமும் நாற்றமும் மாறிவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். மாநில அதிகாரிகளிடம் குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக் கணக்கு இருந்தது. அதைப் பார்த்து, கவலைப்படும்படி ஏதும் இல்லை என்றார்கள். பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று நினைக்க வேண்டாம். அஞ்சல் குறியீட்டு வாரியாகக் கூட்டினார்கள், அவ்வளவுதான். ஃபிளிண்ட் என்ற அஞ்சல் முகவரி உள்ள வீடுகளில் கணிசமானவை நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அவர்கள் வீட்டுக் குழாயில் டெட்ராய்ட் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நல்ல தண்ணீர் குடித்த பிள்ளைகளையும் ஈயத் தண்ணீர் குடித்த பிள்ளைகளையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியதில் நிறம் தெரியாமல் போயிற்று.

அந்த ஊர் மருத்துவமனையில் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். ஈராக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். தன் மருத்துவமனையின் பதிவுகளை எடுத்தார். ரிச்சர்ட் சாட்லர் என்ற புவியியலாளர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் வரைபடத்தில் வைத்து, எந்தத் தண்ணீர் வரும் வீடு என்று பிரித்துக் கொடுத்தார். இப்போது எண் வேறு விதமாகப் பேசியது. நகரத்துக்குள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஈய அளவு கூடியவர்கள் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாகியிருந்தார்கள். மிக மோசமான வட்டாரங்களில் 4 விழுக்காடு 10.6 ஆகியிருந்தது. நகரத்துக்கு வெளியே குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. 2015 செப்டம்பரில் அவர் இதை வெளியே சொன்னபோது முதலில் அவரைக் குறை சொன்னார்கள். சில நாட்களில் மாநிலமே ஒத்துக்கொண்டது. அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது.

கவுண்டி அளவில் ஒரு அட்டவணை இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அந்தக் குழந்தைகள் எல்லோரும் கணக்கில் இருந்தார்கள். ஒருவர் கூட விடுபடவில்லை. கணக்கில் இருந்துகொண்டே காணாமல் போனார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஏழ்மை கிட்டத்தட்ட இல்லை என்றே அரசுக் கணக்கு காட்டிவந்தது. யூனிசெஃப் நிறுவனம் தலைநகரின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போய், 966 குடும்பங்களைப் பார்த்து, 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். இரட்டைக் கோபுரம் தெரியும் ஜன்னலுக்கு உள்ளே, நாளுக்கு மூன்று வேளை சாப்பிடாத பிள்ளைகள் இருந்தார்கள். நம் உறுப்பினர்களில் சிலர் அந்த மாதிரி அடுக்குமாடிகளில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது செய்தியே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்படியானால் சிறிதாக, இன்னும் சிறிதாகப் பிரித்துக்கொண்டே போகலாமா? அதற்கும் ஒரு வேலி உண்டு. 500 பிள்ளைகள் உள்ள ஒரு கவுண்டியில் இந்த ஆண்டு ஒரு பிள்ளை விபத்தில் இறக்கிறது என்று வையுங்கள். அமெரிக்காவில் இதை லட்சத்துக்கு எத்தனை என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் 200 வரும். நாட்டுச் சராசரியே 30-ஐ ஒட்டித்தான். பத்திரிகைக்காரர், 'நாட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆபத்தான கவுண்டி' என்று எழுதுவார். அடுத்த ஆண்டு யாரும் இறக்கவில்லை என்றால் எண் பூஜ்யம். அதே ஊர் 'நாட்டிலேயே பாதுகாப்பான கவுண்டி' ஆகிவிடும். ஊரில் எதுவுமே மாறவில்லை. அதனால்தான் அங்கே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னஞ்சிறு இடங்களே வந்து நிற்கும்.

இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை, பெரும் பணம் வீணாகும். அமெரிக்காவில் நல்ல தேர்வு முடிவு காட்டிய பள்ளிகளின் பட்டியலில் சிறிய பள்ளிகள் நிறைய இருப்பதைப் பார்த்து, சிறிய பள்ளிதான் சிறந்தது என்ற எண்ணம் பரவியது. கேட்ஸ் அறக்கட்டளை பெரும் பணத்தை அதில் போட்டது. ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளிவிவர நிபுணர், அடிப்பட்டியலையும் பாருங்கள் என்றார். அங்கேயும் சிறிய பள்ளிகள்தான் நிறைந்திருந்தன. பின்னாளில் அறக்கட்டளை அந்த வழியை விட்டு விலகியது.

ஆகவே அங்கே சில நடைமுறைகள் வைத்திருக்கிறார்கள். மக்கள்தொகை 65,000-க்குக் குறைந்த இடங்களுக்கு ஓராண்டுக் கணக்கெடுப்பை வெளியிடாமல், ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தே வெளியிடுவார்கள். இறப்பு எண்ணிக்கை பத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டத்தைப் பொது அட்டவணையில் மறைத்துவிடுவார்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சின்ன ஊரில் எண்ணைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரிதான். கவுண்டிகளை 2010 முதல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், 2024-இல் அந்த வரிசை எண்ணையே விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்பேன். வரிசை போட்டால் மக்கள் இடத்தைப் பார்ப்பார்கள், பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.

நம் கல்விக் குழுவிலும், கிளைவாரியாக முடிவை அறிவித்துச் சிறந்த கிளைக்குக் கேடயம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்ததாகக் கேள்விப்பட்டேன். யோசனை சொன்ன ஹாஜியார் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு வீடு உள்ள கிளையில் ஒரு பையன் பள்ளியை விட்டால் அது எட்டு விழுக்காடு வீடு. யார் வீட்டுப் பையன் என்பது அன்று மாலைக்குள் எல்லா அடுப்படியிலும் தெரிந்துவிடும். அடுத்த கணக்கெடுப்பில் அந்த வீடு கதவைத் திறக்காது.

இதைவிட மோசமானது, எண்ணவே படாத பிள்ளை. அமெரிக்காவின் 2010 மக்கள் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினர், ஏறக்குறைய பத்து லட்சம் குழந்தைகள், விடுபட்டுப் போனார்கள். 2020-இல் அது 5.4 விழுக்காடானது. பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் அதிகமாக விடுபடுகிறார்கள். ஏன் தெரியுமா? 'இந்த வீட்டில் யார் யார்?' என்று கேட்டால், வீட்டுக்காரர் தன் மனைவியை, தன் பிள்ளைகளைச் சொல்வார். தங்கை மகன் மூன்று மாதமாக இங்கே இருக்கிறான், அவன் 'தற்காலிகம்'. பாட்டியிடம் விட்டுப்போன பேத்தி அவள் அப்பா வீட்டுக் கணக்கில் வந்திருப்பாள் என்று பாட்டி நினைப்பார். பாட்டி வீட்டில் எழுதியிருப்பார்கள் என்று அப்பா நினைப்பார். இரண்டிலும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் என்ற நிலக்கரிக் கவுண்டி. 1950-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்த இடத்தில் 2020-இல் சுமார் 19,000 பேர். வேலை போய், வலிமாத்திரைப் பழக்கம் வந்து, தாய் தகப்பன் இருவருமே இல்லாமல் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் அங்கே ஏராளம். 'ஒற்றைப் பெற்றோர் குடும்பம்' என்ற கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளை எங்கே எழுதுவது?

எண்ணப்படாவிட்டால் பணமும் வராது. அங்கே ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு நிதி கொடுக்கிறது. கவுண்டியிலும் பள்ளி வட்டாரத்திலும் எத்தனை ஏழைப் பிள்ளைகள் என்ற மதிப்பீட்டை வைத்துத்தான் அது பிரிக்கப்படுகிறது.

நம் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நன்னி வீட்டில் வளரும் பிள்ளை, மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை, தாயார் மறுமணம் செய்து போன பிறகு பெரியம்மா வீட்டில் இருக்கும் பிள்ளை. வரைவில் முதல் கேள்வி, 'உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்?' அதை, 'நேற்று இரவு இந்த வீட்டில் தூங்கிய 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர்?' என்று மாற்றும்படி சொல்லியிருக்கிறேன்.

இனி பதின்ம வயதுக்கு வருகிறேன். கிட்ஸ் கவுண்ட் அளவுகளில் ஒன்று, 16 முதல் 19 வயதில் படிக்காமலும் வேலை செய்யாமலும் இருப்பவர்கள். நல்ல அளவுதான். ஆனால் அதை நம்மிடம் அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, மாமாவின் நாசி கண்டார் கடையில் இரவு இரண்டு மணி வரை தே தாரிக் ஆற்றும் பதினாறு வயதுப் பையன் 'வேலையில் இருக்கிறான்'. ஆகவே அந்த அளவுப்படி அவனுக்குக் குறை இல்லை. அவன் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். கடையைக் கற்றுக்கொண்டு நாளை முதலாளியாகலாம், நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள்! அல்லது தூக்கமில்லாமல், சம்பளமும் இல்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கலாம். அவனைக் கேட்காமல் எப்படித் தெரியும்?

அந்தப் பதினாறு அளவுகளை மறுபடி பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே குறையைப் பற்றியவை: ஏழ்மை, இறப்பு, எடைக்குறைவு, தோல்வி. பெரும்பாலும் பெரியவர்கள் எழுதிவைத்த பதிவிலிருந்தோ, பெரியவர்கள் சொன்ன பதிலிலிருந்தோ எடுத்தவை. 'நீ எப்படி இருக்கிறாய்?' என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வியை மின்னசோட்டா மாநிலம் கேட்கிறது. 1989 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். இப்போது 5, 8, 9, 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பெயர் எழுத வேண்டாம். விருப்பமில்லாவிட்டால் பதில் சொல்ல வேண்டாம். பள்ளியில் பாதுகாப்பாக உணர்கிறாயா, கேலியும் அடியும் உண்டா, எவ்வளவு நேரம் தூங்குகிறாய், உன் மேல் உண்மையான அக்கறை உள்ள பெரியவர்கள் இருக்கிறார்களா, உன் பிரச்சினையைத் தாயிடம், தந்தையிடம் பேச முடிகிறதா என்று கேட்பார்கள். முடிவுகள் கவுண்டி வாரியாக வெளிவரும். இதிலும் ஓட்டை உண்டு: பள்ளிக்கு வந்த பிள்ளைதான் எழுதும், வராத பிள்ளை எழுதாது, கணக்கெடுப்பில் சேருவதும் சேராததும் அந்தந்தப் பள்ளி வட்டாரத்தின் விருப்பம். இருந்தாலும், வாசிப்பு மதிப்பெண்ணில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கவுண்டிகளின் பிள்ளைகள் வீட்டில் பேச ஆள் இருப்பதில் வேறுபட்டால், அது இதில் மட்டும்தான் தெரியும். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 2022 ஆய்வில் பதின்ம வயது மாணவர்களில் நால்வருக்கு ஒருவருக்கும் மேல் மனச்சோர்வின் அறிகுறி காட்டினார்கள். பெற்றோரைக் கேட்டிருந்தால் அந்த எண் வந்திருக்காது.

கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டால்? அந்தப் பயம் எனக்கு உண்டு. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹாக்கின்ஸ், ரிச்சர்ட் கேட்டலானோ இருவரும் 2003 முதல் ஏழு மாநிலங்களில் 24 சிற்றூர்களில் ஒரு சோதனை செய்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பாதி ஊர்களைத் தேர்ந்து, அந்த ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் சொன்ன பதில்களை அவர்கள் முன்னால் வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போகாதீர்கள், உங்கள் ஊரில் மிக மோசமாக இருப்பவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சில ஆண்டுகளில், எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, அந்த ஊர்களில் புகையும் மதுவும் தொடங்கிய பிள்ளைகள் மற்ற ஊர்களைவிடக் குறைவாக இருந்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் சொந்த எண்ணைப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்தது. தலைநகரத்திலிருந்து ஒரே திட்டத்தை எல்லோருக்கும் அனுப்பவில்லை.

நம் சங்கத்துக்கு அவ்வளவு ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எந்தக் கவுண்டிக்கும் அது கிடையாது. நாம் வீட்டுக்குள் போகலாம். நோன்புக் கஞ்சி வாளியோடு போனால் கதவு திறக்கும்.

கல்விக் குழு என் கருத்துகளில் பலவற்றை ஏற்றுக்கொண்டது, அவர்களுக்கு நன்றி. தேர்வைப் பற்றிய ஒன்பது கேள்விகள் இரண்டாகிவிட்டன. கிளைவாரி முடிவு அறிவிக்கப்படாது. பத்துப் பேருக்குக் குறைந்த எந்த எண்ணும் குழுவின் மூவரைத் தவிர யாருக்கும் போகாது. இந்த ஆண்டுக் கணக்கை வைத்து ஒரு முடிவும் எடுக்காமல், அடுத்த இரண்டு ஆண்டுக் கணக்கோடு சேர்த்தே பேசுவோம். ஆனால் இன்றைக்கே உணவில்லாத வீடு என்று தெரிந்தால் அதற்குக் காத்திருக்க மாட்டோம், அது ஜக்காத் குழுவுக்கு அன்றே போகும்.

கேடயம் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பச்சை உறை வரும். அதில் ஆறு கேள்விகள். பெயர் எழுத இடம் கிடையாது. பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதி, தானே ஒட்டி, வீட்டுக்கு வரும் தொண்டரிடம் தன் கையாலேயே கொடுக்கட்டும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் உறை உண்டு. முதலாளிமார்கள் ஒரு கால் மணி நேரம் விடுப்புக் கொடுங்கள். அதில் என்ன எழுதினாய் என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

கணக்கெடுப்பு ஷவ்வால் மாதம் இரண்டாம் வாரம் தொடங்கும், இன்ஷா அல்லாஹ். தொண்டர்களாக வர விரும்பும் சகோதரிகள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயர் கொடுங்கள். இதுவரை வந்த பெயர்களில் ஆண்களே அதிகம். பிற்பகலில் வீடுகளுக்குப் போகப் பெண்கள் தேவை.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.